கரவானுக்கு நான்கு டயர்களும் இரண்டு சம்பந்திகளும்

சுவிட்சர்லாந்துக்குப் போய்வந்தவன் என்ற முறையில் ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றி நான் ஏதாவது எழுதவேண்டும் என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் எதிர்பார்க்கிறார்கள். மலைகளை நான் பார்த்தேன். அவை பெரியவை, வெண்மையானவை, விமானத்தில் கொடுத்த சஞ்சிகையில் இருந்தபடியே இருந்தன. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த நாட்டில் என்னுடைய நாட்களின் பெரும்பகுதி குனிந்த நிலையில் கழிந்தது. டயர் பார்க்க வந்தவனுக்கு நிமிர்ந்து மலை பார்க்க அவகாசம் கிடைப்பதில்லை.

என்னை அழைத்தவள் என் மகள் வத்சலா. சோலோதுர்ன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். மருமகன் குகன் அதே நகரில் ஓர் உணவகத்தின் சமையற்காரர். திருமணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு விடுமுறைக்கும் போனதில்லை. ஒருவருக்கு லீவு கிடைத்தால் மற்றவருக்கு வேலை இருக்கும். இருவருக்கும் கிடைத்துவிட்டால் எங்காவது ஒரு சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்பு நீராட்டு விழா, இருக்கும். இதற்கு முடிவு கட்டுவதற்காகக் குகன் ஒரு கரவானை வாங்கினார். வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டுக்கு அதுதான் பெயர். வயதான தம்பதிகள் இருவர் பல ஆண்டுகளாக வைக்கோற் கொட்டிலுக்குள் நிறுத்தி வைத்திருந்த கரவான் அது. இரண்டு அச்சுகள், நான்கு சக்கரங்கள். கட்டில், குசினி, கழிப்பறை, உடுப்பு அலுமாரி எல்லாம் உள்ளே உண்டு. மிகப் பாரமான பொருள்.

முதல் ஓட்டத்திலேயே அது தன் குணத்தைக் காட்டியது. சூக் நகரில் வசிக்கும் குகனின் தந்தையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் டயர் ஒன்று வெடித்தது. எவருக்கும் காயமில்லை. ஆனால் கிழிந்த டயரின் வார் ஒன்று கரவானின் அடித்தட்டைப் பிளந்து, அதன்மேல் இருந்த மிளகாய்த்தூள் மூட்டையையும் பிளந்தது. பாசல் நகரில் இருக்கும் யாரோ ஒருவருக்குக் கொடுக்கும்படி சூக்கில் இருக்கும் யாரோ ஒருவர் ஏற்றிவிட்ட மூட்டை அது. உதவிக்கு வந்த காவலர் இருவரும் கதவைத் திறந்தார்கள். அதன் பின்னர் உதவி தேவைப்பட்டது அவர்களுக்குத்தான்.

அன்றே வத்சலா ஒரு நிபந்தனை போட்டாள். "நம்பக்கூடிய ஆள் ஒராள் பாத்து எடுத்த ரயர் போட்டால் வாறன். இல்லாட்டி உந்தக் கரவானை வித்துப்போட்டு எனக்கு ஒரு கதிரை வாங்கித் தாங்கோ. பல்கனியில இருந்து லீவைக் கழிக்கிறன்."

நம்பக்கூடிய ஆள் யார் என்பதில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. குகனின் தந்தையார் கந்தவனம், என் சம்பந்தியார், யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். தான் டயர்களின் மத்தியில் வாழ்ந்தவன் என்பது அவருடைய வாதம். டயர்களுக்கு மேலே, மாடியில், மின்விசிறியின் கீழ் வாழ்ந்தவர் என்பது என் வாதம். நான் கல்லூரியில் பௌதிகவியல் விரிவுரையாளனாக இருந்தவன். உராய்வையும் அமுக்கத்தையும் தலைமுறைகளுக்குக் கற்பித்தவன். "அப்பா வந்து பாக்கட்டும்" என்று வத்சலா சொல்லிவிட்டாள். நான் வந்தேன்.

சோலோதுர்ன் அழகிய பழைய நகரம் என்கிறார்கள். புகையிரத நிலையத்திலிருந்து வீடு வரும் வரை ஆற்றையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் குகன் காட்டிக்கொண்டே வந்தார். வீட்டு முற்றத்தில் கரவான் நின்றது. எஞ்சிய மூன்று டயர்களையும் நான் பயணக் களைப்போடேயே பார்த்தேன். வரிப் பள்ளங்கள் ஆழமாக இருந்தன, புத்தம் புதியவை போல. பக்கச் சுவரை விரலால் மடித்துப் பார்த்தபோதுதான் முதியவரின் குதிக்கால் போல நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன.

அன்றிரவு குகன் ரோஸ்டி என்ற உணவைச் சமைத்தார். கிழங்கைத் துருவி வட்டமாகப் பொரிப்பது. வத்சலா பக்கத்தில் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் வைத்தாள். அந்த இரண்டு நாடுகளும் ஒரே தட்டில் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கும் என்று நான் எண்ணவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தியார் சூக்கிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கினார். ஒரு கையில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் நிரப்பிய வாளி, மறு கையில் சுத்தியல்.

"என்ன மாஸ்ரர், சுகமோ?" என்றார்.

விரிவுரையாளர் ஒருவரை, பள்ளிக்கூட ஆசிரியரைப் போல, மாஸ்ரர் என்று அழைப்பது எங்கள் ஊரில் என்ன அர்த்தம் தரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "சுகம், கிளாக்கர்" என்றேன்.

அவர் உடனே கரவானின் அருகே குந்தி, டயரை முகர்ந்து பார்த்தார். பிறகு சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். ஒவ்வொரு டயரும் ஒவ்வொரு சுரத்தில் ஒலிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. மூன்றாவது டயரில் கை வைத்தபோது பக்கத்து வீட்டு முதியவர் இராச் சட்டையோடு வேலியருகே வந்து நின்றார். குகன் மொழிபெயர்த்தார்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டு சொல்லுறார், அப்பா."

"தெரியும் எண்டு சொல்லு."

"ஞாயிற்றுக்கிழமையிலை சத்தம் போடக் கூடாதாம்."

"பரிசோதனை எண்டு சொல்லு."

முதியவர் மறுபடியும் அதையே சொன்னார். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஒலிபெருக்கியும் தேவாலய ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளும். அங்கே ஒரு சுத்தியலின் ஓசைக்கு ஒரு தெரு விழித்துவிடுகிறது. நாங்கள் உள்ளே போய்க் கூழ் குடித்தோம். சம்பந்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு தம் திட்டத்தை வெளியிட்டார்.

"சூக்கிலை பணக்காரர் காருக்கு ரயர் போட்டு ஆறு மாசத்திலை கழட்டிப்போடுவினம். எனக்குத் தெரிஞ்ச பொடியன் வச்சிருக்கிறான். நாலு. வாசம் கூடப் போகேல்லை."

"அது ஓர் ஆளும் ஒரு கைப்பையும் போகிற காருக்குச் செய்த டயர். இது வீடு" என்றேன்.

"வீடெண்டால் என்ன, ரயருக்கு மேலை என்ன இருக்கெண்டு ரயருக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றேன். அவ்வளவு எளிமையான பௌதிகவியல் உண்மையை விளக்குவதற்கு என் நாக்கு கூசியது.

திங்கட்கிழமை நால்வரும் டயர்க் கடைக்குப் போனோம். வேலை நாளில் வத்சலா எப்படி வந்தாள் என்று கேட்கவேண்டாம். இரவு வேலை முடித்து, தூங்காமல் வந்தாள். நகருக்கு வெளியே இருந்த பெரிய கொட்டகை அது. அதன் ஒரு பகுதியில் சக்கரங்கள் நூலகத்துப் புத்தகங்கள் போல அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. கோடையில் குளிர்கால டயர்களையும் குளிர்காலத்தில் கோடை டயர்களையும் மக்கள் இங்கே வாடகைக்குத் தங்க வைக்கிறார்களாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘டயர் ஹோட்டல்’ என்று குகன் சொன்னார். எங்கள் நாட்டில் டயரின் கடைசிக் காலம் செருப்பாகவோ சந்தியில் கரும்புகையாகவோ முடிகிறது. இங்கே அது விடுதியில் ஓய்வெடுக்கிறது. சம்பந்தியார் ஒரு சக்கரத்தின் பெயர்ச் சீட்டைப் படித்து, "இவருக்குச் சாப்பாடும் குடுப்பினமோ?" என்று கேட்டார்.

கடையை நடத்துபவர் திருமதி கெல்லர் என்ற நடுவயதுப் பெண்மணி. நீல மேலங்கி, குட்டை முடி. சொற்களைச் செலவழிக்க விரும்பாதவர். நான் முதலில் கேட்டது விலையை அல்ல, பிறந்த நாளை. டயரின் பக்கச் சுவரில் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களாக அச்சாகியிருக்கும் என்பதை வரும் வழியில் விமானத்திலேயே படித்திருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கரவான் டயர்கள் ஓடித் தேய்ந்து சாவதில்லை" என்றார். "நின்றே சாகின்றன. வெயிலிலும் குளிரிலும் அசையாமல் நின்று, வெளியே புதிது போல இருந்துகொண்டே உள்ளே காய்ந்துவிடும்."

குகன் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் சம்பந்தியார் என் பக்கம் திரும்பினார். "மாஸ்ரர், உங்களையும் என்னையும் தான் சொல்லுறா."

திருமதி கெல்லர் மூன்று வகை டயர்களை உருட்டி வந்தார். ஒன்று மென்மையானது, சாதாரணக் காருக்குரியது. ஒன்று குளிர்காலத்துக்குரியது, பள்ளம் மிக ஆழம். சம்பந்தியாரின் கை உடனே அதன் மேல் போயிற்று. மூன்றாவது பார்வைக்கு ஒன்றுமில்லாதது. ஆனால் பக்கச் சுவர் தடித்தது, சிறிய சரக்கு வான்களுக்கென்று வலுவூட்டியது, செய்து சில வாரங்களே ஆனது. நான் பாரக் குறியீட்டு எண்ணைப் பார்த்தேன். கரவானின் கதவருகே உள்ள தகட்டிலிருந்து குறித்து வந்த உச்ச எடையை நான்கால் வகுத்தேன். அந்த மூன்றாவது டயருக்கு இன்னும் மூச்சுவிட இடம் இருந்தது. "இது" என்றேன். திருமதி கெல்லர் தலையசைத்தார். ஒரு பல்கலைக்கழகப் பட்டத்தைவிட அந்தத் தலையசைப்பு எனக்கு அன்று பெரிதாகத் தோன்றியது.

பிறகு அவர் கேட்டார்: "என்ன ஏற்றுவீர்கள்?"

"உடுப்பு. ரெண்டு சட்டி" என்று குகன் சொன்னார்.

அவர் எங்கள் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னிடம் வரும் உங்கள் நாட்டவர்கள் எல்லோரும் இரண்டு சட்டி என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சட்டிகளை நான் பார்க்க விரும்புகிறேன்." பிறகு என்னிடம் திரும்பினார். "புறப்படும் நாளில், எல்லாவற்றையும் ஏற்றியபின், நிறுத்துப் பாருங்கள். விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் லொறி நிறுக்கும் தராசு இருக்கிறது. எடையைச் சொன்னால் எவ்வளவு காற்று என்று நான் சொல்வேன். தகட்டில் இருக்கும் எடைக்கு மேல் போனால் நல்ல டயரும் நல்ல டயர் அல்ல."

"ஒரு இறாத்தலும் கூடாது. என்னுடைய வாக்கு" என்றேன். குகன் அதை மொழிபெயர்க்கும்போது ‘வாக்கு’ என்ற இடத்தில் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதுவரை சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்த வத்சலா கண்ணைத் திறந்தாள்.

"அப்பா சொன்னால் சரி" என்றாள். "அப்ப நான் உடுப்பு அடுக்கிறன்."

வெள்ளிக்கிழமை டயர் பொருத்த ரெர்மின், அதாவது நேரம், குறித்துக்கொண்டு வந்தோம். சனிக்கிழமை புறப்பாடு. கரவானை நிறுத்துவதற்கு லுகானோ நகருக்கு அருகே ஏரிக்கரையில் இடம் பதிவாகியிருந்தது. முதலில் அவர்கள் இருவரும் போவதாகத்தான் திட்டம். ஆனால் புதிய டயரை முதல் ஓட்டத்தில் கண்காணிக்க நான் உடன் இருப்பது முறை என்று நான் கருதினேன். நான் போனால் தாமும் வரவேண்டும் என்று சம்பந்தியார் கருதினார். வத்சலா எதுவும் கருதவில்லை. "வாங்கோ" என்றாள்.

புதன்கிழமை ஓர்லிகோனில் எனக்கு ஒரு விருந்து. சூரிச்சின் வடக்கே உள்ள அந்தப் பகுதியில் என் பழைய மாணவன் தயாபரன் மளிகைக் கடை வைத்திருக்கிறான். பின்னறையில் வாழையிலை போட்டு, நண்டுக் கறி பரிமாறி, என்னை நடுவில் இருத்தினார்கள். எல்லோரும் ‘சேர்’ என்று மரியாதையாக அழைத்தார்கள். சம்பந்தியாரையும் அழைத்துச் சென்றிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர் கேட்கவேண்டிய சொல் அங்கே அவ்வளவு தாராளமாக வழங்கியது.

இரண்டாவது முறை சோறு வைக்கும்போது தயாபரன் மெல்லக் கேட்டான்.

"சேர், லுகானோப் பக்கம் போறியள் எண்டு கேள்விப்பட்டன். கரவானிலை."

"ஓம்."

"ஒரு சின்னச் சாமான். தங்கச்சியிட்டைக் குடுத்துவிட்டால் போதும்."

எங்கள் சமூகத்தில் ஒருவர் பயணம் போகிறார் என்ற செய்தி காற்றைவிட வேகமாகப் போகும். அவர் போகும் திசையில் யாருக்காவது ஒரு தங்கை இருப்பாள். தபாற் கந்தோர் மிகச் சிறப்பாக இயங்கும் நாட்டிலும் பொருளைத் தபாலில் போடுவதை உறவில் விரிசல் என்றே நம்மவர் கருதுகிறார்கள். மேலும், சேர் என்று அழைத்துக்கொண்டே நண்டின் பெரிய காலை இலையில் வைக்கும் ஒருவனிடம் முடியாது என்று சொல்வதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குக் கற்றுத் தரவில்லை. "சின்னச் சாமான் என்றால் சரி" என்றேன்.

அந்த அறையில் இருந்த எல்லோரிடமும் ஒரு சின்னச் சாமான் இருந்தது.

விருந்து முடிந்து எழும்போது தயாபரன் மேலும் ஒன்று சொன்னான். நான் எழுதிய பௌதிகக் கட்டுரைத் தொகுதியின் பிரதிகளை முன்பொரு முறை கப்பலில் அவனுக்கு அனுப்பியிருந்தேன். "சேர், உங்கடை புத்தகப் பெட்டியளையும் கொண்டுபோனால் லுகானோவிலை ஒரு அறிமுக விழா வைக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் அரிசி அடுக்க இடம் வரும்" என்றான். இரண்டாவது வாக்கியத்தை நான் கேட்கவில்லை. அறிமுக விழா என்ற சொல்லோடு என் செவி நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை திருமதி கெல்லரின் கடையில் நான்கு புதிய டயர்களும் ஏறின. அவர் சக்கரங்களின் நட்டுகளை முறுக்கிவிட்டு, கொஞ்சத் தூரம் ஓடிய பின் மறுபடியும் இறுக்கவேண்டும், மறந்துவிடாதீர்கள் என்றார். நான் மறக்கமாட்டேன் என்றேன். கரவான் எழுந்து நிமிர்ந்து நின்றது போல இருந்தது. சம்பந்தியார் ஒரு டயரைக் காலால் தட்டிப் பார்த்து, "நிறம் கொஞ்சம் குறைவு" என்றார்.

மாலையில் சின்னச் சாமான்கள் வந்து சேர்ந்தன. ஒரு மாவரைக்கும் இயந்திரம். ஆளுயரக் குத்துவிளக்குகள் இரண்டு. தேங்காய் மூட்டை. கருவாடு, அதை மூன்று பைகளுக்குள் கட்டியிருந்தார்கள், மூன்றும் போதவில்லை. கடைசியாக ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது மணவறைக் கதிரை. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையும் பெண்ணும் அமர்வது. இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டிய அன்னங்கள், பொன் பூச்சு, சிவப்பு மெத்தை. லுகானோவில் அடுத்த வாரம் கல்யாணமாம். கரவானின் கதவுக்குள் அது போகாதபடியால் அன்னங்களின் கழுத்துகளைக் கழற்றி உள்ளே கொண்டுபோய், மறுபடி பூட்டினார்கள். தாங்கள் படுக்கவேண்டிய இடத்தில் அன்னங்கள் இருப்பதை வத்சலா வாசலில் நின்று பார்த்தாள். அவளுடைய உடுப்புப் பெட்டி இன்னும் வெளியே இருந்தது.

"ஒரு இரவுதானே, பிள்ளை" என்றார் சம்பந்தியார்.

"ஓம் மாமா" என்றாள்.

இருட்டிய பிறகு, தயாபரன் அனுப்பியிருந்த என் புத்தகப் பெட்டிகளை நானே உள்ளே கொண்டுபோய் உடுப்பு அலுமாரிக்குள் அடுக்கினேன். அறிவு சார்ந்த பொருளைக் கருவாட்டின் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. திரும்பும்போது சம்பந்தியார் கட்டிலின் அடிப்பகுதியை மூடிக்கொண்டு எழுந்து நின்றார். "விளக்கு உருளாமல் முண்டு குடுத்தனான்" என்றார். நான் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை காலை கூட்டுறவுச் சங்கத்துத் தராசுக்குப் போனோம். தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புத் தட்டு. எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று நின்றது. காத்திருந்த நேரத்தில் கரவானுக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டதென்று சம்பந்தியார் உள்ளே போனார். அவரைத் தனியே விடுவது சரியல்ல என்று நானும் போனேன். கதவு தானாக மூடிக்கொண்டது. கரவான் நகர்ந்து தட்டில் ஏறும்போது இருவரும் பிடித்துக்கொள்ள இடமின்றி மணவறைக் கதிரையில் போய் அமர்ந்துவிட்டோம். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த நிலையில் ஒரு சம்பந்தியோடு நான் மணவறையில் அமர்வேன் என்று எவருடைய சாதகமும் சொல்லியிருக்காது.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. தராசு பார்க்கும் மனிதர் தலையை நீட்டினார். அன்னத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாழ்த்துச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினார்.

"இறங்கினால் நல்லது" என்றார்.

இறங்கினோம். எடை குறைந்தது. ஆனால் தகட்டில் இருந்த எடையை அது இன்னும் எங்கோ உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார். இப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால் போலீசுக்கு முன் டயர் உங்களை நிறுத்தும் என்று சொன்னாராம்.

"பெரிய ரயர் போட்டால் சரி" என்று சம்பந்தியார் முடிவு சொன்னார். "நான் அப்பவே சொன்னனான்."

குகன் திருமதி கெல்லருக்குத் தொலைபேசியில் எடையைச் சொன்னார். பிறகு அவர் சொன்னதைக் குகன் சத்தமாகத் தமிழில் சொன்னார். "ரயர் சரியான ரயர். அச்சு தாங்காது, சட்டமும் தாங்காது. ரெண்டு சட்டி எண்டு சொன்னியளே, சட்டிக்குள்ளை என்ன எண்டு கேக்கிறா."

வத்சலா உள்ளே போய்ச் சாமான்களை இறக்கத் தொடங்கினாள். குத்துவிளக்கு வந்தது. தேங்காய் வந்தது. கருவாடு வந்தபோது தராசு பார்க்கும் மனிதர் இரண்டு அடி பின்வாங்கினார். பிறகு கட்டிலின் அடியிலிருந்து ஒரு டயர் உருண்டு வந்தது. அதன் பின்னே இன்னொன்று. மொத்தம் நான்கு. சூக் பணக்காரரின் டயர்கள்.

"அவசரத்துக்கு" என்றார் சம்பந்தியார். "மாஸ்ரரின்ரை ரயர் வெடிச்சால் எண்டு."

என் வாழ்வில் அதைவிட இனிமையான கணங்கள் அதிகம் வாய்த்ததில்லை. அதை நான் முழுமையாக அனுபவிப்பதற்கு முன் வத்சலா உடுப்பு அலுமாரியைத் திறந்துவிட்டாள். ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அதற்கும் அடுத்த பெட்டி. அட்டையில் என் பெயர் பட்டம் உட்பட அச்சாகியிருந்தது. சம்பந்தியார் ஒரு பிரதியை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல பாரமான எழுத்து" என்றார்.

வத்சலா வாசற்படியில் அமர்ந்தாள். கோபம் முகத்தில் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இது வேறாக இருந்தது.

"ரயர் நல்லது அப்பா" என்றாள். "நீங்கள் பாத்து எடுத்தது பிழைக்கேல்லை. ஏத்தின ஆக்கள் தான்." பிறகு குகனைப் பார்த்தாள். "விடுங்கோ. வீட்டை போவம். நான் பல்கனியில இருக்கிறன்."

கூட்டுறவுச் சங்கத்து முற்றத்தில் தேங்காய்கள், விளக்குகள், பொன் அன்னங்கள், டயர்கள், என் நூல்கள். ஓர் ஏல விற்பனை போல இருந்தது. நான் இரண்டு வாக்குகள் கொடுத்திருந்தேன். ஒன்று சாமான் தந்தவர்களுக்கு, ஒன்று என் மகளுக்கு. இரண்டும் ஒரே அச்சில் ஏறமாட்டா என்பதைத் தராசு எழுத்தில் காட்டிவிட்டது. பௌதிகவியலில் இதற்கு ஒரே விடைதான் உண்டு. பாரத்தைப் பிரிக்கவேண்டும்.

"குகன்" என்றேன். "வத்சலாவின் உடுப்புப் பெட்டியை ஏற்றும். சட்டி இரண்டையும் ஏற்றும். வேறு ஒன்றும் ஏறாது. நாங்களும் ஏறமாட்டோம்."

"நாங்களுமோ?" என்றார் சம்பந்தியார்.

"சாமான்களை நானும் நீங்களும் ரயிலில் கொண்டுபோய்க் கொடுப்போம். கொடுத்துவிட்டுத் திரும்புவோம்."

அவர் அந்த முற்றத்தை நீண்ட நேரம் பார்த்தார். "அன்னத்தையுமோ மாஸ்ரர்?"

"அன்னத்தையும்."

கரவான் மறுபடியும் தட்டில் ஏறியது. அந்த மனிதர் எடையைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார். திருமதி கெல்லர் தொலைபேசியில் காற்றின் அளவைச் சொன்னார், அடித்தார்கள். வத்சலா முன் இருக்கையில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, உண்மையிலயே நீங்கள் வரேல்லையோ?"

"நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். வீதியின் வளைவு வரை அந்த நான்கு டயர்களும் எந்த ஆட்டமும் இன்றிப் போயின.

டயர்களும் புத்தகங்களும் குகனின் நண்பர் ஒருவரின் நிலவறைக்குப் போயின. அங்கே அவை ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதாக அறிகிறேன், எது மேலே என்று நான் விசாரிக்கவில்லை. மாவரைக்கும் இயந்திரத்தையும் தேங்காயையும் அடுத்த நடையில் கொண்டுபோவதென்று தீர்மானித்து, முதல் நடையில் அவசரமானவற்றை எடுத்தோம்: மணவறைக் கதிரை, விளக்குகள், கருவாடு. அந்த நண்பர் எங்களை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்.

ஓல்ரனில் ரயில் மாறவேண்டும். அன்னத்தின் கழுத்துகளை ஆளுக்கொன்றாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதிரையை இருபுறமும் பிடித்துப் படியேறினோம். முதிய சுவிஸ் பெண்மணி ஒருவர் ஓடிவந்து விளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டார். எந்தத் தேவாலயத்துக்கு என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். சம்பந்தியாரை ஏறிட்டுப் பார்த்து, உங்கள் இருவருக்கும் வாழ்த்துகள் என்றார். நான் விளக்க முயல்வதற்குள் ரயில் வந்துவிட்டது.

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கதிரையை வைத்தோம். கருவாட்டின் காரணமாக அந்தப் பெட்டியில் எங்களுக்கு நிறைய இடம் கிடைத்தது. சீட்டுப் பரிசோதகர் வந்தபோது சம்பந்தியார் மணவறையில் சாய்ந்து, மடியில் அன்னத்தின் தலையோடு உறங்கிக்கொண்டிருந்தார். பரிசோதகர் எங்கள் சீட்டுகளைப் பார்த்தார், அன்னத்தைப் பார்த்தார். பறவைகளுக்கும் சீட்டு வேண்டுமா என்று கேட்டேன். உயிருள்ளவற்றுக்குத்தான் என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ரயில் அந்தப் புகழ்பெற்ற நீண்ட சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஆல்ப்ஸ் மலையை நான் மிக அருகில் பார்த்தது அப்போதுதான், உள்ளிருந்து. கறுப்பாக இருந்தது.

மறுபுறம் வெளிச்சம் வந்ததும் கைத்தொலைபேசி ஒலித்தது. வத்சலா ஒரு படம் அனுப்பியிருந்தாள். வழியில் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் படத்தில் ஏரி இல்லை, மலை இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. ஒரு டயர் மட்டும் படம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு இருந்தது. ‘நட்டு இறுக்கியாச்சு அப்பா’ என்று கீழே எழுதியிருந்தாள்.

சம்பந்தியாரை எழுப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் விரித்து, வெடிப்பு ஏதாவது தெரிகிறதா என்று மேலிருந்து கீழ் வரை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

"காத்து கொஞ்சம் குறைவு போல கிடக்கு" என்றார்.

அவர் மறுபடி உறங்கும் வரை காத்திருந்து, நானும் படத்தை விரித்துப் பார்த்தேன்.